சரிசெய்யப்பட்ட பிழைகள்

பிப்ரவரி 3, திங்கள்

கம்ப்ரசர் அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பழையது உப்புக்காற்றில் அரித்து, போன மாதமே செத்துப்போனது. காலையிலிருந்து மதியம் வரை அதைப் பொருத்துவதிலேயே போயிற்று. சாப்பிடவில்லை.

எங்கள் கம்பெனியில் இறாலை உரித்து உறைய வைத்துக் கப்பலில் அனுப்புகிறோம். அந்தக் குளிர் அமோனியா வாயுவால் வருவது. குழாய் எங்காவது கசிந்தால் கண்டுபிடிக்க ஆறு இடங்களில் சென்சார் இருக்கிறது. ஆறும் அனுப்பும் எண்கள் கம்பி வழியாக இந்தக் கம்ப்யூட்டருக்குள் செருகிய ஒரு கார்டுக்கு வந்து, திரையில் தெரியும். சாதாரணமாக மூன்று, நான்கு, ஐந்து என்று ஆடிக்கொண்டிருக்கும். இருபத்தைந்தைத் தாண்டினால் திரை சிவந்து அபாயச் சங்கு ஊத வேண்டும். முன்பு சங்குக்குத் தனிப் பெட்டி இருந்தது. அது அடிக்கடி வீணாக ஊதுகிறது என்று கழற்றிவிட்டு, இப்போது அதையும் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கிறார்கள்.

கம்ப்ரசரை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் சுடலைமணி அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா மெர்சிலின், இது மோந்து பாக்குமா?"

"சென்சார் மோந்து பாக்கும் அண்ணாச்சி. இது படிச்சுச் சொல்லும்."

"அப்போ எனக்கு மூக்கு எதுக்கு?" என்று சிரித்தார்.

பிப்ரவரி 5, புதன்

இன்று குழாய்த் தண்ணீர் வரும் நாள். தொட்டியை நிரப்பிவிட்டுப் போனதில் கம்பெனி வண்டியைத் தவறவிட்டேன். அம்மாவிடம் பேச்சு வேறு.

புது இயந்திரத்தின் உள்பதிவைத் திறந்து பார்த்தேன். பொருத்திய இரண்டு நாளில் 214 மஞ்சள் முக்கோணம். எல்லாம் ஒரே வாசகம்: வன்பொருள் பிழை ஒன்று ஏற்பட்டது, சரிசெய்யப்பட்டது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து. சென்சார் கார்டு செருகியிருக்கும் துளைதான்.

பிப்ரவரி 8, சனி

கார்டைக் கழற்றி, துடைத்து, அடுத்த துளையில் செருகினேன். ஒரு மணி நேரம் அமைதி. பிறகு மறுபடி. கம்பியை மாற்றினேன். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்பை அணைத்தேன், அதுதான் காரணம் என்று இணையத்தில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் கண்டுகொள்ளாதே என்கிறார்கள்.

விற்ற கடையின் இர்ஃபானைக் கூப்பிட்டேன்.

"அக்கா, சரிசெய்யப்பட்டதுன்னுதானே போட்டிருக்கு? அதுவா தப்பு பண்ணி அதுவா திருத்திக்கிடுது. நல்ல பிள்ளைக்கா அது."

"நாளுக்கு நூறு தடவையா திருத்தும்?"

"ஓடுதுல்லா? ஓடுறத நோண்டாதீங்க."

பிப்ரவரி 11, செவ்வாய்

கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தேன். நடுவில் மின்சாரம் போனால் இயந்திரமே போய்விடும் என்பதால் அந்த ஆறு நிமிஷமும் திரையைப் பார்த்தபடி ஜெபம் சொன்னேன். முக்கோணங்கள் குறைந்தது போல இருந்தது. மாலையில் எண்ணினால் இன்று மட்டும் 340. குறைந்ததாக நினைத்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று ஒன்றைப் பார்த்தேன். எண்கள் நின்றுவிட்டன. ஆறு கட்டத்திலும் ஒரே எண் அப்படியே. இறால் உரிக்கும் கூடத்தில் 4. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. பிறகு தானாக ஆட ஆரம்பித்தன. பதிவைத் திறந்தால் சரியாக அந்த நேரத்தில் முப்பத்தியோரு மஞ்சள் முக்கோணம்.

அதாவது கார்டு செயலற்றுத் தொங்கினால், கடைசியாக வந்த எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கிறது. தொங்கிவிட்டது என்று சொல்வதில்லை.

மேனேஜர் பத்மநாபன் சாரிடம் போய்ச் சொன்னேன். "எழுதிக் குடும்மா, பாக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். புதுக் கார்டு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

புதுக் கார்டு வெளியூரிலிருந்து வர மூன்று வாரம் ஆகுமாம்.

கம்ப்ரசர் அறையில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஆள் இருந்தார்கள். இனி ஒருவர்தான். கம்ப்யூட்டர் வந்துவிட்டதல்லவா. அண்ணாச்சிக்கு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐஸ் பிளான்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"அங்க நிக்கையில இங்க யாரு பாப்பா?" என்று கேட்டாராம்.

"திரை பாத்துக்கும், சங்கு ஊதும்" என்று சார் சொன்னாராம். அண்ணாச்சி இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் பிரிண்டருக்கு மை நிரப்ப வேண்டும் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுக்கிறவர்கள் 24ஆம் தேதி தணிக்கைக்கு வருகிறார்கள். பத்மநாபன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். ஏழு வருஷத்தில் முதல் தடவை.

"அவங்க கம்ப்யூட்டர் பதிவைத் திறந்து பாப்பாங்க மெர்சிலின். போன தடவை இன்னொரு கம்பெனில அப்படித்தான் பாத்திருக்காங்க. மஞ்சளா எதுவும் தெரியக் கூடாது."

"கார்டு வராம அத நிறுத்த முடியாது சார்."

"நீ கெட்டிக்காரி. உன்னால முடியும்."

வேறு விஷயமும் பேசினார்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று மஞ்சள் முக்கோணம் ஒன்றுகூட இல்லை.

வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றவில்லை. பெல்ட் போயிருக்கிறது. கையால் துவைத்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

தணிக்கை முடிந்தது. ஒரு வெள்ளைக்காரரும் சென்னையிலிருந்து ஒரு பெண்ணும். அந்தப் பெண் பதிவைத் திறந்து பார்த்தாள். தலையாட்டினாள். கசிவு கண்காணிப்புக் கருவிகள் நல்ல நிலையில் உள்ளன என்று ஒரு படிவம். கீழே கையெழுத்து போட்டேன். எல்லாக் கம்பெனியிலும் இருக்கிற படிவம்தான்.

மதியம் எல்லோருக்கும் பிரியாணி.

பிப்ரவரி 25, செவ்வாய்

நிரந்தரம்! கடிதம் கையில் கொடுத்தார்கள். இனி அலுவலக உதவியாளர் இல்லை, கணினிப் பொறுப்பாளர். அம்மா கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அழுதாள். ஏழு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பயந்துகொண்டு நீட்டிப்புக் கடிதம் வாங்கியது போதும்.

வண்டியில் என் பக்கத்தில் எப்போதும் உட்காரும் ஜெசிந்தா அக்காவிடம் சொன்னேன். இறால் உரிக்கும் கூடத்தில் இருக்கிறவள். பனித்தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைப் பிடித்து, "ஏட்டி, எங்க யாருக்கும் கெடைக்காதது. நல்லா இருப்ப" என்றாள். அவளுக்குப் பதினான்கு வருஷ சர்வீஸ். இன்னும் தினக்கூலி. மகள் ஜோஸ்லின் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் உரிக்க வேண்டும், அப்புறம் ஒரு இறாலைக் கூடத் தொட மாட்டேன் என்றாள்.

மார்ச் 1, சனி

அண்ணாச்சி ஆபீசுக்கே வந்தார். அவர் ஆபீசுக்கு வருகிற ஆளில்லை.

"நேத்து நம்பர் ரொம்ப நேரம் ஆடவே இல்லம்மா. கால் மணி நேரம் இருக்கும். நான் ஐஸ் பிளான்ட்டுக்குப் போய்ட்டு வந்து பாக்கேன், அப்பவும் அதே நம்பர்."

"மறுபடி ஆன் பண்ணுனா சரியாகும் அண்ணாச்சி."

"நான் பக்கத்துல நிக்கும்போது ஆன் பண்ணலாம். நிக்காதப்போ?"

ஒரு தாளில் 'எண்கள் அசையாமல் இருந்தால் கம்ப்யூட்டரை மறுபடி இயக்கவும்' என்று எழுதித் திரைக்கு மேலே ஒட்டினேன். என்னால் முடிந்தது.

மார்ச் 3, திங்கள்

தாளைக் காணவில்லை. பத்மநாபன் சார் கிழித்துவிட்டதாக அண்ணாச்சி சொன்னார். கார்டு பற்றிக் கேட்டேன். பத்தாம் தேதி.

மார்ச் 5, புதன்

திருநீற்றுப் புதன். காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். வண்டியில் பாதிப் பேர் நெற்றியில் சாம்பல். ஜெசிந்தா அக்கா தவக்காலத்தின் இந்த நாற்பது நாளும் டீ குடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். எவ்வளவு நாள் தாங்கும் என்று கேலி செய்தேன்.

மார்ச் 6, வியாழன்

எழுத முடியவில்லை.

மார்ச் 8, சனி

எழுதிவிட வேண்டும். தேதி போகப் போக எனக்கு வசதியாக மாறிவிடும்.

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சற்று முன்பு. நான் ஆபீசில் வருகைப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் சத்தம்தான் கேட்டது. பெண்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு அந்த நெடி. மூக்கில் ஊசி ஏற்றியது போல. கண் திறக்க முடியவில்லை.

உரிக்கும் கூடத்து மேல்சுவரில் போகும் குழாயின் வளைவு துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறது. கூடத்தில் அறுபத்து மூன்று பேர். முன்கதவு வழியாக ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வந்தார்கள். பின்கதவுக்கு முன்னால் இறால் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

சங்கு ஊதவில்லை.

நான் முற்றத்துக்கு ஓடவில்லை. கம்ப்ரசர் அறைக்கு ஓடினேன். துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு போனேன். அறையில் யாரும் இல்லை. திரை பளிச்சென்று இருந்தது. ஆறு கட்டமும் பச்சை. உரிக்கும் கூடம்: 4.

அணைத்துப் போட்டேன். அது எழுந்து வர ஒன்றரை நிமிஷம் ஆகும். அந்த ஒன்றரை நிமிஷமும் வெளியே கத்துகிறார்கள். எண் வந்தது. 380. திரை சிவந்தது. சங்கு ஊத ஆரம்பித்தது. வெளியே வர முடிந்தவர்கள் எல்லோரும் வந்த பிறகு ஊதியது.

அண்ணாச்சி ஐஸ் பிளான்டிலிருந்து ஓடிவந்து, ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினார். இரண்டு கையும் வெந்துவிட்டன. தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே அவர் மூடிவிட்டார். இதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

இருபத்தேழு பேர் ஆஸ்பத்திரியில். ஜெசிந்தா அக்காவைப் பின்கதவுக்குப் பக்கத்திலிருந்து தூக்கி வந்தார்கள். பெட்டிகளை நகர்த்தப் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க விட்டார்கள். வாயில் குழாய். கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. ஜோஸ்லின் கல்லூரியிலிருந்து வந்திருந்தாள். எந்த நாளில் எந்த மருந்து போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தாள். "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு அக்கா" என்றாள், புத்தகத்தில் படிப்பது போல.

மார்ச் 10, திங்கள்

ஜெசிந்தா அக்கா விடியும்போது இறந்துவிட்டாள்.

மார்ச் 11, செவ்வாய்

அடக்கம் முடிந்தது. கம்பெனியிலிருந்து பெரிய மாலை வந்தது. போலீஸ் அண்ணாச்சியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கைது செய்திருக்கிறது. பணியிடத்தில் இல்லாமல் அலட்சியமாக இருந்தாராம்.

மார்ச் 12, புதன்

பத்மநாபன் சார் வீட்டுக்கே வந்தார். அம்மா காபி கொடுத்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டரைக் கழட்டி வேற வச்சாச்சு. பழசு மேல யாரும் எதுவும் கேக்கப் போறதில்ல. ஆள் இல்லாததுதான் கேஸ், மெஷின் இல்ல."

"நான் எழுதிக் கொடுத்தது இருக்கே சார். பதினாலாம் தேதி."

"எது?" என்றார். நிஜமாகவே ஞாபகம் இல்லாதவர் போலக் கேட்டார். "என்கிட்ட இருக்கிறது ஒரே பேப்பர்தான். கருவியெல்லாம் நல்ல நிலையில இருக்குன்னு நீ கையெழுத்துப் போட்டது. யோசிச்சு நடந்துக்கோ. வீட்ல வயசான அம்மா இருக்காங்க."

அவர் போன பிறகு அம்மா, "நல்ல மனுசன், வீடு தேடி வந்து பாத்துட்டுப் போறாரு" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

இதுவரை இந்த நோட்டில் எழுதாததை எழுதுகிறேன்.

பிப்ரவரி 21 அன்று மஞ்சள் முக்கோணம் வராமல் போனதற்குக் காரணம், பிழை நின்றது அல்ல. பிழையைப் பதிவு செய்வதை நான் நிறுத்தினேன். நான்கு நிமிஷ வேலை. அதற்கு முன்னால் இருந்த பதிவையும் துடைத்தேன். துடைப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். நல்ல எண்ணத்தில் எடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. எதைத் துடைத்தாலும் பிரதி எடுப்பது என் பழக்கம். பென்டிரைவ் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பதினெட்டு நாளில் 11,362 பிழைகள்.

அண்ணாச்சி மார்ச் 1 அன்று வந்து கேட்டாரே, அன்றைக்குப் பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் யாரிடமாவது காட்டியிருக்கலாம். அந்தக் கால் மணி நேரத்தைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. ஒரு தாளை ஒட்டிவிட்டு அவரை அனுப்பினேன்.

மார்ச் 15, சனி

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். போலீஸ்காரர் ஐந்து நிமிஷம் தந்தார். இரண்டு கையிலும் கட்டு. அவர் வீட்டம்மா ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி வீட்டம்மாவிடம் வாயைத் துடைக்கச் சொன்னார். துடைத்து முடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ நிறுத்துனது அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் அந்த ரூம விட்டு நகந்திருக்க மாட்டேம்மா. எவன் சொல்லிருந்தாலும் நகந்திருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு பெண் அதிகாரி. பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். நான் பிப்ரவரி 14 அன்று எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் என் மின்னஞ்சலில் இருந்தது, அதையும் காட்டினேன். பிறகு கேட்டார்.

"பதிவை நிறுத்தச் சொன்னது யாரு?"

"நிறுத்துன்னு யாரும் சொல்லல மேடம். மஞ்சள் தெரியக் கூடாதுன்னு மேனேஜர் சொன்னார். எப்படின்னு அவர் கேக்கல. நான் சொல்லவும் இல்ல. செஞ்சது நான்."

"அந்தப் படிவத்துல இருக்கிறது?"

"என் கையெழுத்துதான்."

பேனாவைக் கீழே வைத்தார். "இத நான் இப்படியே எழுதினா உங்க மேலயும் வழக்கு வரும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"ஒரு வக்கீலைப் பாத்துட்டு நாளைக்கு வர்றீங்களா?"

நாளைக்கு வர மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "இப்பவே எழுதிக்கோங்க" என்றேன். மூன்று பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 19, புதன்

வேலையிலிருந்து நீக்கிக் கடிதம் வந்தது. தண்ணீர் வந்தது, தொட்டியை நிரப்பினேன். அம்மா பேசுவதில்லை.

மார்ச் 26, புதன்

அண்ணாச்சி ஜாமீனில் வந்துவிட்டார். வழக்கில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. இப்போது என் பெயரும் பத்மநாபன் சார் பெயரும் சேர்ந்திருக்கின்றன. அண்ணாச்சியின் வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காதாம்.

மார்ச் 29, சனி

ஜெசிந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். பேப்பரில் வந்து ஜோஸ்லின் படிப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஜோஸ்லின்தான் கதவைத் திறந்தாள். கல்லூரிக்குத் திரும்பிப் போகவில்லை. உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை.

சொன்னேன். கார்டு, எண், பதிவு, படிவம் எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அது கெட்டுப் போயிருக்குன்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியும்."

"அம்மா ஒங்க பக்கத்துல உக்காந்துதான் தெனம் வருவாங்க."

"ஆமா."

"ஏங்க்கா செஞ்சீங்க?"

வழி முழுக்க இதற்குப் பதில் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். மேனேஜர், தணிக்கை, கார்டு வர மூன்று வாரம். ஆய்வாளரிடம் சொன்ன எல்லாமே உண்மைதான். ஆனால் அவரிடமும் இந்த நோட்டிலும் ஒன்றை விட்டுவிட்டேன். பிப்ரவரி 19 அன்று சார் பேசிய அந்த வேறு விஷயம்.

"செஞ்சா வேலைய நிரந்தரமாக்குறேன்னு சொன்னாங்க" என்றேன்.

ஜோஸ்லின் அழவில்லை. நாற்காலியை எடுத்து மடித்துச் சுவரில் சாய்த்தாள்.

"இனிமே இங்க வராதீங்க அக்கா."

சரி என்றேன். கதவை அவள் சாத்தும் வரை நின்றுவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.